கம்ப்யூட்டருக்குள் பாய்ந்த புதுத்தண்ணீர்

அந்த வருஷம் காவிரி கடைமடைக்கு வந்தபோது முதலில் சுடர்விழியின் கம்ப்யூட்டருக்குள்தான் பாய்ந்தது. வயல்களுக்கு அடுத்த நாள் வந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில், தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் வந்ததே பெரிது என்று இருப்பவர்கள்தான் எல்லோரும். அதனால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சீக்கிரமே பேச்சு உர விலைக்குத் திரும்பிவிட்டது.

சுடர்விழியின் அப்பா காலம்வரை அந்தக் குடும்பம் பிறர் வயலில் நாற்று நட்டது. அவள் படித்தாள். வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சினிமா கிராபிக்ஸ் செய்தாள். படத்தில் ஒரு ஊர் எரிய வேண்டுமென்றால் அந்தத் தீ அவளுடைய கொல்லைப்புற அறையில் உண்டாகும். ஒரு நிமிஷத் தீக்குக் கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓட வேண்டும், ஓடினால் சூடாகும், சூட்டைத் தணிக்க உள்ளேயிருக்கும் ஃபேன்கள் நெல் அரைக்கிற மில்லைப் போல இரையும். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வருமானத்தில்தான். ஆனால் அந்த இரைச்சலை அவள் கணவன் அண்ணாதுரையால் தாங்க முடியவில்லை.

அவன் வளைகுடாவில் பல வருஷம் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து குத்தகைக்கு நிலம் பிடித்தவன். ஜெனரேட்டர் அங்கேயே நின்றுவிட்டது, சத்தம் மட்டும் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்துவிட்டது. காதில் கோளாறு எதுவும் இல்லை என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் முகம் வெளிறி, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். ஒருமுறை அப்படிப் போனவன் திரும்பவில்லை. தேடி அலைந்து, கடைசியில் தரங்கம்பாடிக் கடற்கரையில் கோட்டைச் சுவரில் சாய்ந்திருந்தவனைக் கண்டுபிடித்து அழைத்து வந்தாள். பஸ்ஸில் அவன் சொன்னான்: "கோவிச்சுக்காத சுடரு. அந்தச் சத்தம் இருக்குற வீட்ல என்னால இருக்க முடியல. இன்னொரு தடவ போனா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல." அன்றைக்கு அவளுக்குள் புகுந்த பயம் பிறகு போகவே இல்லை.

தண்ணீரை ஓடவிட்டுச் சத்தமில்லாமல் குளிரவைக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கென்று விற்கிற சாமான்களோ கறவை மாட்டு விலை. ஆகவே பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னக் கார் ரேடியேட்டரைத் தேடிப் பிடித்தாள். மீன்தொட்டி மோட்டார் ஒன்று, கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூப் கொஞ்சம், சூடாகும் இடத்தில் வைத்து இறுக்க லேத் பட்டறையில் குடைந்து வாங்கிய செம்புக் கட்டி. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரோடு மாட்டி, ஊற்றுவதற்குப் பேட்டரி தண்ணீரும் வாங்கி வைத்துவிட்டு, டியூப் வாயை இறுக்கக் கிளிப் வாங்கக் கடைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் தலைப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஊரில் புதுத்தண்ணீர் வந்தால் பூவைத் தூவிக் கும்பிட்டு, ஒரு சொம்பு மொண்டுவந்து, வீட்டில் புதிதாக எது இருந்தாலும் முதலில் அதற்குக் காட்டுவார்கள். விதைநெல்லுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பச்சைப்பிள்ளைக்கும் ஒரே மரியாதைதான். அண்ணாதுரை கம்ப்யூட்டருக்குக் காட்டினான். காட்டியதோடு நிற்காமல் வேட்டித் துணியில் வடிகட்டி டியூபுக்குள்ளேயே ஊற்றிவிட்டான். பாசி பிடிக்கும், செம்பை அரிக்கும் என்று கடையிலிருந்து திரும்பிய சுடர்விழி தலையில் அடித்துக்கொண்டாள். "புதுச் சாமானுக்குப் போயி பேட்டரிக்கு ஊத்துற தண்ணியையா ஊத்துவாங்க?" என்றான் அவன், உண்மையாகவே புரியாமல்.

பாசி பிடிக்கவில்லை. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தண்ணீர் ஓடியது. வண்டல் வாசனையோடு, கொஞ்சம் கலங்கலாக, அறையைச் சுற்றி வந்தது. டியூபில் அயிரை மீன்கள் எதிர்த்து ஏறின. ஜன்னலில் ஒரு கொக்கு வந்து நின்று, கண்ணாடியைக் கொத்தி ஏமாந்து போனது. வாய்க்காலில் முறை மாறித் தண்ணீர் நின்ற நாட்களிலும் அந்த டியூபில் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற இடம் தெரியாமல் வேலை செய்தது. அண்ணாதுரை அறை வாசலில் பாய் போட்டுத் தூங்கினான். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்ததே கல்யாணத்துக்குப் பிறகு அந்த மாதங்களில்தான். அவள் சந்தோஷமாக இருந்தாள்.

மார்கழியில் மழை பொய்த்தது. அணையையும் முன்னதாகவே அடைத்துவிட்டார்கள். சம்பா கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்தது. ஊரில் மிச்சமிருந்த காவிரி சுடர்விழியின் அறையில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர் துரைராசு வாசலில் வந்து நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒரே ஒரு நனைப்பு போதும்மா. அதுக்கு மேல கேக்க மாட்டோம்" என்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்குங்கண்ணே, வேலைய முடிச்சுக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். திங்கட்கிழமை வந்ததும் வெள்ளிக்கிழமை என்றாள். டியூபில் மூன்று வாய் உள்ள ‘T’ இணைப்பு ஒன்றை மாட்டி வயலுக்குப் பாதி, கம்ப்யூட்டருக்குப் பாதி என்று பிரித்துப் பார்த்தாள். தண்ணீர் பிரிய மறுத்தது. ஊரார் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். கதிர் கருகுவது அவளுக்கும் தெரிந்தது, அதில் அவர்களுடைய குத்தகை வயலும் இருந்தது. ஆனால் கதிர் போனால் அடுத்த வருஷம் நடலாம். இவன் போனால்?

டியூபைக் கழற்றியது அண்ணாதுரைதான். "நீ வேலையப் பாரு. நான் கொண்டு போறேன்" என்றான். அவள் அழுதுகொண்டே பழைய ஃபேன்களை எடுத்து மாட்டினாள். அவன் காதைப் பொத்திக்கொண்டு, டியூபின் நுனியைக் கக்கத்தில் இடுக்கியபடி வெளியே ஓடினான். டியூப் அவன் போன தூரத்துக்கெல்லாம் நீண்டது. கட்டைவிரல் பருமன் டியூபில் வாய்க்கால் கொள்ளாத தண்ணீர் வந்தது. கடைசி வயலில் தொடங்கி மேலே மேலே பாய்ச்சிவந்தான். தன் வயலை எல்லோருக்கும் பிறகு வைத்துக்கொண்டான். அதுவும் நனைந்தபின் ஓட்டம் நின்றது. இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று டியூபைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தான். மிச்சமிருந்தது அவன் காதுக்குள் போய்விட்டது.

வீட்டில் சுடர்விழி, வற்றிப்போன டியூபின் மறு நுனியில் பேட்டரி தண்ணீரை ஊற்றிப் பார்த்திருந்தாள். ஆற்றுக்குப் பழகிய டியூப் அதை வாங்கிக்கொள்ளாமல் வெளியே துப்பியது. ஃபேன்கள் அலறிக்கொண்டிருந்தபோது அண்ணாதுரை சேற்றுக் காலோடு வந்து, நேராக அந்த அறையிலேயே சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தான். "ஃபேன நிறுத்திட்டியா சுடரு?" என்று சத்தமாகக் கேட்டான். இல்லை என்றாள். மறுபடியும் அதையே கேட்டான். அவள் அருகே போய் அவன் காதோடு தன் காதை வைத்தாள். உள்ளே மதகில் விழுந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இனி எங்கும் போகமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அவனைக் கட்டிக்கொண்டு, அவனுக்குக் கேட்காது என்பதால் வாய்விட்டு அழுதாள்.

அந்த அறுவடையில் யாருக்கும் குறையில்லை. தஞ்சாவூர் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், அவர்கள் வாங்கவில்லை. இப்போதெல்லாம் அணை திறந்ததும் மதகு பார்க்கிற லஸ்கரே சைக்கிளில் வந்து அண்ணாதுரையின் காதில் காது வைத்துக் கேட்டுவிட்டு, கல்லணை தாண்டிவிட்டது, நாற்றங்காலை உழுதுவைக்கலாம் என்று ஊருக்குச் சொல்கிறார். சொன்னது இதுவரை பொய்த்ததில்லை. கம்ப்யூட்டர் இரைச்சலோடு ஓடுகிறது, அதன் பக்கத்திலேயே அவன் பாய் விரித்துப் படுக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் சுடர்விழி பழக்க தோஷத்தில் "என்னங்க" என்று ஒரு தடவை கூப்பிடுவாள். பிறகு எழுந்துபோய் அவன் தோளைத் தொடுவாள்.