மின்கணக்கில் ஒரு சிறுவாடு

பூட்டுக்காரர் வீட்டில் எதையும் ஒளித்து வைக்க முடியாது. மனிதர் கெட்டவர் இல்லை. பூட்டிய ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். இருபது வருஷமாக, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களுக்குக் கதவு திறந்து கொடுத்தே பிழைக்கிற கை. அவர் மனைவி தையல்காரி. ஒருமுறை பீரோவின் உள்ளறையில் அவள் பூட்டி வைத்திருந்த தையல் கூலியை எடுத்து ஸ்கூட்டருக்கு டயர் மாற்றிவிட்டு வந்து, "நம்ம வீட்டுப் பணம்தானே?" என்றார். அடுத்த முறை தையல் மெஷின் இழுப்பறையில் இருந்தது போயிற்று. அதுவும் நம்ம வீட்டுப் பணம்தான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பேங்கில் அவள் கணக்கில் போட்டாலும் மெசேஜ் அவர் போனுக்குத்தான் போகும். மாதாமாதம் கவுண்டரில் நின்று மின்சார பில் கட்டுகிறவள் அவள். பில்லை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அறுபது டாலர் வந்தால் அவரிடம் அறுபது வாங்கிக்கொண்டு நூறாகக் கட்டினாள். மேலே உள்ள நாற்பது, பேன்ட் மடித்தும் ஜிப் மாற்றியும் சேர்த்த அவள் காசு. கூடுதலாகக் கட்டியது கணக்கில் வரவாக நிற்கும், கேட்டால் திருப்பித் தருவோம் என்று கவுண்டர்ப் பெண் சொல்லியிருந்தாள். சிறுவாடு சேர்க்கப் பெண்கள் எத்தனையோ இடம் பார்த்திருக்கிறார்கள். மின்சாரக் கம்பெனியில் சேர்த்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

எல்லாம் அக்காவைப் பார்க்கப் போவதற்கு. அக்கா கடல் தாண்டி இருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் இவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியவள். இப்போது இதயத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். டிக்கெட்டுக்கு இவரிடம் கேட்க வாய் வரவில்லை. எட்டு வருஷம் முன்பு சகலை நாலு பேர் நடுவில், "பூட்டுத் திறக்கிறவனுக்கும் திருடனுக்கும் ஒரே கருவிதான்" என்று ஜோக்கடித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பூட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து வந்தவர், அந்த வீட்டுப் பேச்சையே அதோடு விட்டார்.

இருபத்தாறு மாதத்தில் ஆயிரத்து முப்பது சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து அரசாங்கம் வீட்டுக்கு நூற்றைம்பது கட்டணத் தள்ளுபடி அறிவித்தது. அதிசயமாக அவர், "பில்லைக் கொண்டா, வந்துடுச்சான்னு பாப்போம்" என்றார்.

கட்ட வேண்டியது ஒன்றுமில்லை, வரவில் ஆயிரத்து நூற்றெண்பது என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அடேயப்பா! நூத்தம்பதுன்னு சொல்லிட்டு இவ்வளவு குடுத்திருக்கானே!"

அவளுக்குத் திருடனைத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

அன்றிலிருந்து மனிதர் மாறிப்போனார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர், குளிர் தொடங்கினாலும் போர்வையைப் போர்த்திக்கொள் என்பவர், இரண்டு அறையிலும் ஹீட்டரைப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் குளிர்காயச் சொன்னார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது என்று அவருக்குத் தெரியாது. அவள் அணைப்பாள், அவர் போடுவார்.

"எதுக்கு அணைக்கிறே? கவர்மென்ட் காசு, எரியட்டும்."

அவளுக்கு வயிறு எரிந்தது. மூன்று வாரம் கழித்து, மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று கவுண்டருக்கு ஓடினாள். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டால்தான், அவருடைய பேங்க் கணக்குக்குத்தான் பணம் போகும் என்றாள். கணக்கு யார் பெயரில்? அவர் பெயரில். இத்தனை இடம் யோசித்தவள் அதை யோசிக்கவில்லை. வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் அவர் போனும் பில்லுமாக உட்கார்ந்திருந்தார்.

"மொத்தத்தையும் திருப்பி வாங்கப் போறேன். சாவி வெட்டற மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"வேண்டாங்க."

"ஏன்?"

"அது என் பணம்."

அவர் சிரித்தார். அவள் அலமாரித் தாளுக்கு அடியிலிருந்து இருபத்தாறு ரசீதுகளையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பில் அறுபது, கட்டியது நூறு. பில் ஐம்பத்தெட்டு, கட்டியது நூறு. பாதிக்கு மேல் அவர் சிரிப்பு போய்விட்டது.

"என்கிட்டயா ஒளிச்சே?"

"உங்ககிட்டதான். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

"எதுக்கு?"

"அக்காவுக்கு ஆபரேஷன். போகணும்."

அவர் கையிலிருந்த ரசீதைக் கீழே வைத்தார். பிறகு, "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்றார்.

"குடுத்திருப்பீங்க. அப்புறம் நான் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பீங்க."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கடுமையாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பொய் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"நான் ஹீட்டர்ல எரிச்சது எவ்வளவு இருக்கும்?"

"தள்ளுபடி போக, என்னோடதுலயும் எண்பது போயிருக்கும்."

"அதை நான் போட்டுடறேன்" என்றவர், "ஆனா உங்க அக்கா புருஷன் மட்டும் அன்னிக்கு..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "பணம் என் மனைவியோடது. அவங்க பேங்க் கணக்குக்கு அனுப்பணும்."

"அப்படி அனுப்ப முடியாது சார்" என்றாள் அந்தப் பக்கம் பேசிய பெண். "மின்சாரக் கணக்கையே அவங்க பேருக்கு மாத்தினீங்கன்னா, ஒரு வாரத்துல அவங்களுக்கே போயிடும்."

"மாத்திடுங்க."

"மாத்திட்டா இனிமே இந்தக் கணக்குல என்ன இருக்குன்னு அவங்களாப் பார்த்துச் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். நீங்க கேட்டா நாங்க சொல்ல மாட்டோம். பரவாயில்லையா சார்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாமல் அவள் நின்றது அன்றைக்குத்தான். மேஜைமேல் கிடந்த ரசீதுகளை அவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டி, அவள் பக்கம் தள்ளினார்.

"அவ பணம்மா அது," என்றார் போனில். "நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"