முனி வளைவில் அடிக்காத ஹார்ன்

கருப்பியின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. முதல்நாள் பழக ஏறி உட்கார்ந்ததுமே அது வேலப்பனின் காலில் தட்டுப்பட்டது. குனிந்து எடுக்கப் போனார்.

"தொடாதீங்கண்ணே!" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவிழி. "அது நாகப்பன் அண்ணனோடது. முன்ன இத ஓட்டுனவரு. முனி வளைவுல கதவத் தொறந்து குதிச்சாரு, ஒரு செருப்போட. இன்னொண்ண எடுக்க இன்னிக்கு வரைக்கும் வரல."

"செத்துட்டாரா?"

"சே, ஈப்போவுலதான் இருக்காரு. லாரின்னு இல்ல, பஸ்ஸுல கூட ஏறமாட்டாராம். கோயிலுக்கும் நடைதான், கல்யாணத்துக்கும் நடைதான்."

கருப்பி என்பது ஒரு டிரெய்லர் லாரி. முன்னால் தலை, பின்னால் நாற்பதடி வால், நடுவில் ஒரு கொக்கி. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவர் அதை மூன்றாம் கையாக வாங்கியிருந்தார். அதன் கறுப்பு நிறம் பெயின்டா, கரியா, இல்லை முந்தைய ஓட்டுநர்களின் சாபமா என்று யாருக்கும் தெரியாது. காலையில் அதைக் கிளப்பினால் எதிர்மலையில் தேயிலை தானாக உதிரும் என்று சொல்வார்கள். பூவிழி அதைத்தான் ஐந்து வருடமாக ஓட்டுகிறாள். முப்பத்திரண்டு வயது, ஐந்தடி உயரம், பிரேக் எட்டுவதற்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. ஆனால் அந்த நாற்பதடி வாலை ஊசியில் நூல் கோப்பதுபோலப் பின்னால் எடுத்து நிறுத்துவாள்.

வேலப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. எஸ்டேட்டின் இலை லாரியை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவர். மலைச்சரிவில் எங்கே நிறுத்தினாலும் இறங்கி சக்கரத்துக்கு முட்டுக்கல் கொடுக்காமல் போகமாட்டார். தன் வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கும் கல் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த வயதில் பரீட்சை வந்தது. புதிதாக வந்த எஸ்டேட் துரை சின்ன லாரிகளையெல்லாம் விற்றுவிட்டு, தேயிலைப் பெட்டிகளை நேரே துறைமுகத்துக்கு இழுக்க ஒரு டிரெய்லர் வாங்கப் போவதாக அறிவித்திருந்தார். டிரெய்லர் லைசென்ஸ் எடுத்தவருக்கு வேலை. எடுக்காதவர் மாதக் கடைசியில் வேலையை விடவேண்டும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். பதினேழாம் நம்பர் வீடு. வேலப்பன் பிறந்ததும் அங்கேதான். சரோஜா கல்யாணமாகி வந்து அடுப்பு மூட்டியதும் அங்கேதான்.

பக்கத்து வீட்டுக் காளியண்ணன் பரீட்சையே வேண்டாமென்று ரிங்லெட்டில் ஒரு அறை பார்த்துவிட்டார். வாசலில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "என்னா வேலப்பா, கெழட்டு மாட்டுக்குப் புது லாடமா?"

"மாடு ஓடுதா இல்லையான்னு பார்த்துட்டுச் சிரிடா."

"நான் எதுக்குச் சிரிக்கறேன்? ரெண்டு பெட்டி மிச்சம் இருக்கு. ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

அந்த இரண்டு பெட்டிகளையும் அன்று மாலையே பதினேழாம் நம்பர் வாசலில் வைத்துவிட்டும் போனார். சரோஜா அவற்றை உள்ளேயும் எடுக்கவில்லை, தூக்கியும் எறியவில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, வாய்பிளந்து அவை அங்கேயே உட்கார்ந்திருந்தன. வேலப்பன் ஒவ்வொரு காலையும் அவற்றைத் தாண்டித்தான் பூவிழியிடம் கருப்பியில் பழகப் போனார்.

பின்னால் எடுப்பதுதான் பெரிய பாடு. இடதுபக்கம் ஒடித்தால் வால் வலதுபக்கம் போனது. வலது ஒடித்தால் இடது. முதல் வாரத்தில் மட்டும் கருப்பி பேனாக்கத்தி மடங்குவதுபோல முப்பது தடவை மடங்கியது. தவுக்கேயின் தகரக் கொட்டகை மூன்று தடவை இடம்பெயர்ந்தது.

"அண்ணே, வாலுக்குப் பின்னால ஓடாதீங்க. அது எங்க போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சமா ஒடிங்க, வால் திரும்ப ஆரம்பிச்சதும் ஸ்டியரிங்க நேராக்குங்க," என்பாள் பூவிழி.

"இருபத்தெட்டு வருசமா லாரி நான் சொன்னத கேட்டுச்சுமா."

"அது லாரி. இது நாத்தனாரு. நேரா சொன்னா கேக்குமா?"

இரண்டாம் வாரம் கொக்கி மாட்டுவதும் கழற்றுவதும் வந்தது. மூன்றாம் வாரம் நாத்தனாரும் வழிக்கு வந்தாள். அப்போதுதான் பூவிழி அந்தச் சின்ன விஷயத்தைச் சொன்னாள்.

பழகும் திடலுக்குப் போகிற பாதையில், பெரிய இறக்கம் தொடங்கும் இடத்தில், முனி வளைவு இருக்கிறது. ஒரு மரம், ஒரு சூலம், மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல். அந்த வழியாகப் போகிற தமிழ் ஓட்டுநர் எவரும் மூன்று தடவை ஹார்ன் அடிக்காமல் இறங்கமாட்டார். சீன ஓட்டுநர்களும் அடிப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று. வேலப்பனின் கை அங்கே தானாகக் கூரைக்குப் போகும், காற்று ஹார்னின் கயிற்றை இழுக்கும்.

"இத விட்ருங்கண்ணே," என்றாள் பூவிழி. "டெஸ்ட்ல காரணமில்லாம ஹார்ன் அடிச்சா மார்க்க வெட்டிருவாங்க. கை பழகிருச்சுன்னா அங்கயும் இழுத்துரும். போன வருசம் ஒரு அண்ணன் மரத்தப் பாத்தாலே அடிச்சு ஃபெயிலானாரு."

"முனிக்கு அடிக்காம எறங்கறதா?"

"ஒரு வாரம்தான். மனசுக்குள்ள அடிச்சுக்குங்க. முனிக்குக் கேக்காதா?"

வேலப்பன் மனசுக்குள் அடித்தார். முனிக்குக் கேட்டதோ என்னவோ, கருப்பிக்குக் கேட்டிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை, அடிக்காமல் இறங்கினார். ஒரு மூங்கில் எங்கிருந்தோ வளைந்து வந்து பக்கக் கண்ணாடியை உடைத்தது. செவ்வாய்க்கிழமை டயர் வெடித்தது. அந்தச் சத்தத்தில் கோலா தெர்லாவின் பாதிக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. மீதிப் பாதி இரண்டிரண்டாக இட்டுத் தள்ளின. புதன்கிழமை பனிமூட்டம் இறங்கியது. இறங்கியது என்றால் சாதாரணமாக இல்லை. தன் கையைத் தானே தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. வளைவைத் தாண்டும்போது இருக்கைக்கு அடியிலிருந்த செருப்பு மெல்ல நகர்ந்து வந்து வேலப்பனின் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"இறக்கம்ணே. எல்லாம் முன்னாலதான் வரும்," என்றாள் பூவிழி. ஆனால் அவளுடைய குரலிலும் சிரிப்பு இல்லை.

"நாகப்பன் ஏன் குதிச்சாரு?"

"பிரேக் புடிக்கலன்னாங்க. கருப்பி தானாப் போயி மண்மேட்டுல முட்டி நின்னுருச்சு. அவரக் கேட்டா ஒண்ணுதான் சொல்வாராம். 'அன்னிக்கு நான் அடிக்கல.' வேற எதுவும் பேசமாட்டாரு."

அன்றிரவு வேலப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏங்க, அந்த லாரி வேணாங்க," என்றாள் சரோஜா.

"வேற லாரிக்கு நான் எங்க போக? வெள்ளிக்கிழம டெஸ்ட்டு."

சரோஜா வாசல்பக்கம் பார்த்தாள். பெட்டிகள் வாய்பிளந்து கிடந்தன.  ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவருடைய சட்டைப்பையில் போட்டாள்.

வியாழக்கிழமை மாலை கடைசிப் பயிற்சி. தவுக்கே அன்று பார்த்து வாலில் முட்டைக்கோஸ் ஏற்றியிருந்தார். போகிற வழியில் இறக்கிவிடலாமாம். பதினைந்து டன். கருப்பி முனகிக்கொண்டே மேடேறியது. காற்றுமானியின் முள் எட்டில் நின்றது. அது எஞ்சின் ஓடினாலும் எட்டு, நிறுத்தினாலும் எட்டு. கின்டா ஆற்றில் தூக்கிப் போட்டாலும் எட்டுதான் காட்டும். காற்று குறைந்தால் அலறவேண்டிய மணியின் ஒயரையோ, ஓயாமல் கத்துகிறதென்று யாரோ எப்போதோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

முனி வளைவு வந்தது. பனிக்குள் சூலத்தின் முனை மட்டும் தெரிந்தது. கீழே, இறக்கத்தின் அடியில், தோட்டத்திலிருந்து வேலை முடிந்து வரும் பெண்களின் பேச்சுச்சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை.

வேலப்பனின் கை கூரைக்குப் போனது.

"அண்ணே, நாளைக்கு டெஸ்ட்டு!"

"டெஸ்ட்டு நாளைக்குத்தானே!" என்று அவர் கயிற்றை இழுத்தார்.

கருப்பியின் ஹார்ன் என்றால் அது சாதாரண ஹார்ன் இல்லை. அடுத்த ஊரான தானா ராத்தாவில் தூங்குகிறவன் எழுந்து பல்விளக்கிவிடுவான். அந்த ஹார்ன் அன்று, "ஹ்ஹ்..." என்றது. சாகக் கிடக்கிற ஒருவர் மூச்சு விடுவதுபோல. மறுபடி இழுத்தார். அதுவும் இல்லை.

முனி பதில் சொல்லவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்.  அடுத்த நொடி, இருபத்தெட்டு வருட ஓட்டுநர் விழித்துக்கொண்டார். ஹார்னுக்கும் காற்றுதான். பிரேக்குக்கும் காற்றுதான். இரண்டும் ஒரே தொட்டி.

"பூவு! காத்து இல்ல!"

இறக்கம் தொடங்க இருபதடி இருந்தது. இருந்த கொஞ்சக் காற்றையும் நம்பி ஒரே மிதியாக மிதித்தார், கியரை இறக்கினார், கை பிரேக்கை இழுத்தார். பதினைந்து டன் முட்டைக்கோஸ் பின்னாலிருந்து நெட்டியது. கருப்பி இழுபட்டு, உறுமி, முன்சக்கரம் இறக்கத்தில் ஒரு சாண் இறங்கியபின் நின்றது.

செருப்பு மட்டும் நிற்காமல் வந்து பிரேக்கின் அடியில் மாட்டிக்கொண்டது. இன்னொரு மிதிக்கு இடமில்லை.

வேலப்பன் குதித்தார், இரண்டு செருப்போடும். ஓடிப்போய் முதலில் கண்ணில் பட்ட பெரிய கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குக் கொடுத்தார், பிறகு இன்னொன்று, பிறகு ஒன்பது. பூவிழி பின்பக்கம் குனிந்து பார்த்தாள். தலைக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்குப் பிளவு. அது பாம்புபோல மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. என்றைக்கிலிருந்து சீறுகிறதோ! திங்கட்கிழமையிலிருந்து ஹார்ன் அடித்திருந்தால் ஒவ்வொரு நாளும் குரல் இறங்குவது கேட்டிருக்கும்.

கீழேயிருந்து வந்த பெண்கள் பனியிலிருந்து ஒவ்வொருவராக வெளிப்பட்டு, கருப்பியைத் தாண்டிப் போனார்கள். பதினோரு பேர். "என்னாண்ணே, நடுரோட்ல சாமி கும்புடறீங்களா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"ஆமாம்மா," என்றார் வேலப்பன். எலுமிச்சம்பழத்தை முனியின் மஞ்சள் துணிக் கல்லின் முன்னால் வைத்தார். சரிவில் அது மூன்று தடவை உருண்டோடியது, மூன்று தடவையும் எடுத்துவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை, கீழே சமவெளியில் பரீட்சை. பரீட்சைக்குரிய லாரி புதிது. காற்றுமானி உயிரோடு இருந்தது. கொக்கி மாட்டினார். பின்னால் எடுத்தார், நாத்தனார் முனகாமல் கட்டத்துக்குள் போய் நின்றாள். கடைசியில் சாலை. பக்கத்தில் அதிகாரி, மீசை, மடியில் தாள். ஒரு பாலத்தைக் கடந்ததும் சாலை நீளமாக இறங்கியது. முனி இல்லை, மரம் இல்லை, எதிரில் ஒரு நாய்கூட இல்லை.

வேலப்பன் மூன்று தடவை ஹார்ன் அடித்தார்.

அதிகாரியின் பேனா நின்றது. "யாருக்கு?" என்று மலாயில் கேட்டார்.

"அங்கின், துவான்," என்றார் வேலப்பன். காற்று, ஐயா. "எறங்கறதுக்கு முன்னால காத்து இருக்கான்னு கேட்டுக்கிட்டேன்."

அதிகாரி காலியான சாலையைப் பார்த்தார். காற்றுமானியைப் பார்த்தார். அப்புறம் தாளில் எதையோ வெட்டினார். எதையோ வெட்டிய பின்னும் தேவையான மார்க்குக்கு மேலே ஒன்று மிச்சம் இருந்தது. 'லுலூஸ்' என்று முத்திரை விழுந்தது. பாஸ்.

சரோஜா அன்று மாலை அட்டைப்பெட்டிகள் இரண்டையும் அடுப்பில் வைத்துத் தேநீர் போட்டாள். அதைவிட ருசியான தேநீர் அந்த மலையில் விளைந்ததில்லை.

திங்கட்கிழமை எஸ்டேட் வாங்கிய டிரெய்லர் வந்து லயத்து முன்னால் நின்றது. பச்சைப் பளபளப்பு, புதுப் பெயின்ட் வாசம். துரை சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். வேலப்பன் சுற்றிச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தின் அருகே பெயின்ட் ஓரிடத்தில் உரிந்திருந்தது. நகத்தால் கீறினார். அடியில் கறுப்பு.

பூவிழிக்கு போன் அடித்தார்.

"ஆமாண்ணே, வெள்ளிக்கிழமையே தவுக்கே வித்துட்டாரு. நான் இனி அதுல ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன். யாரு வாங்குனாங்கன்னு தெரியலண்ணே. ஏன்?"

அவர் போனை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். புதுக் குழாய் போட்டிருந்தார்கள். காற்றுமானியின் முள் எட்டில் நின்றது. எஞ்சின் இன்னும் கிளப்பவில்லை.

சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தாள். திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாரோட செருப்பு? எட்டு போட்டிருக்கு. ஒங்க சைசு."

வேலப்பன் பதினேழாம் நம்பர் வீட்டைப் பார்த்தார். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. செருப்பை அவளிடமிருந்து வாங்கி, பிரேக்குக்கு எட்டாத மூலையில் கம்பிபோட்டு இறுக்கிக் கட்டினார். எஞ்சினைக் கிளப்பினார். தொட்டி நிறைகிற மட்டும் காத்திருந்து, கயிற்றைப் பிடித்து மூன்று தடவை இழுத்தார்.

மலை முழுக்க அதிர்ந்தது. லயத்துக் கோழிகள் பறந்தன. சத்தம் அடங்கும்வரை அவர் தலையைச் சாய்த்து, ஒரு மருத்துவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு இருக்கு," என்றார்.