ரத்தத்தில் போகாதது

அவன் தீயணைப்பு வண்டி ஓட்டுநர். கிடங்கு வெடித்ததில் கூட்டாளி செத்துப்போனதைக் கண்ணால் கண்டவன். அதிலிருந்து, வீட்டில் ஒரு தட்டு விழுந்தாலே காட்டுக்கத்தல் கத்துவான். சிகிச்சைக்கு வரச் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமா?" என்பான். இப்போது ஏழு வயது மகள், யாராவது கதவைச் சாத்தும் சத்தம் கேட்டாலே மேஜைக்கடியில் ஒளிகிறாள்.

விபத்தில் தப்பிய தீயணைப்பு வீரர்களிடம் ஓர் ஆய்வுக்காக ரத்தம் எடுத்திருந்தார்கள்; அதன் முடிவை மருத்துவர் சொன்னார். "அதிர்ச்சியில உங்க மரபணு மாறலை. அது மேல ஒட்டியிருந்து, அதை வேலை செய்யவோ அடங்கவோ வைக்கிற சில வேதி அடையாளங்கள்தான் மாறியிருக்கு."

"அது என் பொண்ணுக்கும் போயிடுச்சா, டாக்டர்?"

ஆமாம் என்றால் பழியை ரத்தத்தின் தலையில் போட்டுவிடலாம்.

"விபத்தப்போ அவளுக்கு நாலு வயசு. ஏற்கெனவே பிறந்துட்ட பிள்ளைக்கு அது ரத்தத்துல எப்படிப் போகும்?" மருத்துவர் தயங்கினார். "அவ வீட்டுல கேக்குற சத்தத்துக்குப் பயப்படுறா."

வெளியே, அவனைக் கண்டதும் மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"பாப்பா, அப்பா கத்தினது உன் தப்பில்லடா."

"நான் இனிமே சத்தமே போட மாட்டேன்பா."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து மறுபடி உள்ளே போனான்.

"சிகிச்சைக்கு எப்ப வரணும், டாக்டர்?"