நேயர் கருத்து: மற்றவை

துப்பறியும் அரைக்கண்ணருக்குக் கல்யாணமானது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமைக்குள் அதை எதிர்த்து நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்துவிட்டன.

அரைக்கண்ணர் வந்த தொலைக்காட்சித் தொடர் முடிந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அதன் கடைசிக் காட்சியில், பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டரம்மா வேலை மாற்றலாகி ரயிலேறினார். அரைக்கண்ணர் வழக்கம்போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பார்த்துப் போங்க" என்றார். அவ்வளவுதான். இப்போது பழைய நடிகர்களையெல்லாம் திரட்டித் தொலைக்காட்சி நிலையம் ஒரு படமாகவே எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பியும்விட்டது. அதில் டாக்டரம்மா திரும்பி வருகிறார். அரைக்கண்ணர் மண்டி போட்டுப் பன்னிரண்டு நிமிடம் காதலைக் கொட்டுகிறார். பேச்சு முடியும்வரை கொலைகாரன் துப்பாக்கியோடு பொறுமையாக நிற்கிறான்.

மின்னஞ்சலில் வரும் கருத்துகள் மாடிக்குப் போகும். தபாலில் வருபவை கீழ்த்தளத்துக் கடிதப் பிரிவுக்கு வரும். அங்கே இருந்தது இரண்டே பேர். ஒருத்தி எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் பிரிவுத் தலைவி. இன்னொருத்தி, கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுவதால் கண்ணாடி என்று பெயரெடுத்த உதவியாளர். மேசைமேல் மூன்று தட்டுகள்: காதலுக்கு ஆதரவு, காதலுக்கு எதிர்ப்பு, மற்றவை. எந்தத் தட்டில் விழுந்தாலும் பதில் அட்டை ஒன்று உண்டு. "தங்கள் கருத்து பெறப்பட்டது. கவனத்தில் கொள்ளப்படும்." அதன்கீழே "குறிப்பு" என்று ஒரு காலிக் கோடு. பத்தொன்பது வருடத்தில் பெரியக்கா அந்தக் கோட்டில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. முழு விலாசம் இல்லாத கடிதம் மட்டும் நேரே குப்பைக்குப் போகும்.

"இதைக் கேளுங்கக்கா," என்றாள் கண்ணாடி. "'நான் எலும்பு மருத்துவர். அந்த வயதில் அப்படி மண்டி போட்டவர் அடுத்த காட்சியில் சுவரேறிக் குதித்ததை ஏற்க முடியாது.'"

"எதிர்ப்பு."

"'கொலைகாரன் யாருன்னு எங்க வீட்டு நாய்க்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா கல்யாணப் புடவை நல்லாயிருந்துச்சு.'"

"ஆதரவு."

பெரியக்காவின் மனசு தட்டுகளில் இல்லை. வேறு ஊரில் தொடங்கும் கிளைக்கு அவளைத் தலைவியாகப் போகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலைமேல் ஆசை இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் மகள் படிக்கப் போனபின் வீட்டில் மிச்சமிருப்பது அவளும் புருஷனும்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி மனிதர்.

இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். "நான் போகட்டுமா?" இரண்டு தடவையும் "உன் இஷ்டம்" என்றுதான் பதில். போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். போ என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். உன் இஷ்டம் என்று சொல்வதற்குப் புருஷன் எதற்கு, அதைச் சுவரே சொல்லுமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் ஊரைவிட்டுப் போனால் இந்த மனுஷனுக்கு வலிக்குமா, வலிக்காதா? அது தெரியாமல் அவளால் எந்தப் பதிலிலும் கையெழுத்துப் போட முடியவில்லை.

புதன்கிழமை மதியம் கண்ணாடி ஒரு கடிதத்தைப் பிரித்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இவன் ஒருத்தன் ரிப்போர்ட்டே எழுதியிருக்கான். நம்பர் போட்டு!"

அவள் சத்தமாகப் படித்தாள்.

"'ஒன்று. படத்தில் அரைக்கண்ணர் பன்னிரண்டு நிமிடம் பேசுகிறார். பழுது இங்கேதான். அவர் பேசுகிறவர் அல்ல.

இரண்டு. ரயில் நிலையத்தில் "பார்த்துப் போங்க" என்றார். அவருக்கு அக்கறை இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவரிடம் இருந்ததே அந்த இரண்டு வார்த்தைதான். இருந்ததைக் கொடுத்துவிட்டார்.

மூன்று. அடியேனும் அதே ரகம். "உன் இஷ்டம்" என்பேன். தடுத்தால் பாவம், அனுப்பினால் எனக்குத் தாங்காது, அதனால் அப்படிச் சொல்வேன்.

நான்கு. டாக்டரம்மா அன்றைக்கு "நீங்களும் வர்றீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் டிக்கெட்கூட வாங்காமல் ஏறியிருப்பார். கூப்பிடாமல் ஏறுகிற ஆள் அல்ல. இப்படிக்கு, ஒரு நேயர்.'"

கண்ணாடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவனைக் கட்டினவ பாவம்கா. ஆதரவா, எதிர்ப்பா?"

"கொடு இங்க," என்றாள் பெரியக்கா.

லிஃப்ட் பராமரிப்புப் படிவத்தின் பின்பக்கம் அது. ஓரத்தில் கிரீஸ் பட்ட கட்டைவிரல் ரேகை. பெயர் இல்லை, விலாசம் மட்டும் முழுசாக இருந்தது. அவளுடைய வீட்டு விலாசம். விலாசமில்லாத கடிதம் குப்பைக்குப் போகும் என்று எப்போதோ சாப்பிடும்போது அவள் சொன்னதை மனுஷன் காதில் வாங்கியிருக்கிறார். ஒரே கட்டிலில் தூங்குகிறவளுக்குத் தபால்தலை ஒட்டி எழுதியிருக்கிறார்.

கேட்கவில்லைதான். போகட்டுமா என்று கேட்டாள். வருகிறீர்களா என்று ஒரு தடவையாவது கேட்டாளா? அவருக்கு அவருடைய வேலை, அவருடைய லிஃப்ட்டுகள், அவர் எங்கே வரப்போகிறார் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். குற்றவாளி அவர்தான் என்று இத்தனை நாள் இருந்தவளுக்கு முகம் சுட்டது.

"அக்கா, எந்தத் தட்டு?"

"மற்றவை."

ஒரு பதில் அட்டையை எடுத்தாள். விலாசம் எழுதினாள். குறிப்புக் கோட்டில் மூன்று வார்த்தை எழுதினாள்: "நீங்களும் வர்றீங்களா? சொல்லுங்க." மற்ற அட்டைகளோடு சேர்த்துத் தபாலில் போட்டாள். வீட்டுக்குப் போய் வாயைத் திறக்கவில்லை. தபாலில் பேசுவது அவருக்கு மட்டும்தான் வருமா என்ன?

வியாழன் போனது. வெள்ளி போனது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், செய்தி பார்த்தார்கள், மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தபால்காரர் மணியடித்தார். கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் அட்டையை வாங்கினார். நின்றபடியே படித்தார். சட்டைப்பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு, ஏற்கனவே எண்ணெய் விட்ட கீலுக்கே இன்னொரு தரம் எண்ணெய் விட்டார்.

சமையலறையிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காய் நறுக்கும் கத்தி ஓடவில்லை.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கவில்லை. தொண்டையை மட்டும் செருமினார்.

"அந்த ஊர்ல கட்டடமெல்லாம் எத்தனை மாடி இருக்கும்?"

"பத்து, பன்னெண்டு இருக்கும்."

"அப்ப லிஃப்ட் இருக்கும்."

"இருக்கும்."

"ரிப்பேரும் ஆகும்ல?"

"ஆகும்ங்க."

அவர் தலையை ஆட்டினார். ஏணியைக் கொண்டுவந்து பரணில் சாத்தி, பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தார். மறுபடி ஏறி இன்னொன்றையும் இறக்கினார். பெரியக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அவள் நறுக்கிக்கொண்டிருந்தது பீன்ஸ். வெங்காயத்தின்மேல் பழி போடவும் வழியில்லை.