ஏழாவது படத்து வீடு

திருடனிடம் போய்த் திருட்டைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு ஒரு பட்டம், அந்தப் பட்டத்துக்கு நாலு வருட உழைப்பு என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவளுடைய அக்காவே சிரித்தாள். "கதவை ஒழுங்காப் பூட்டிட்டுப் படுத்தா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குடி ஆராய்ச்சி?" என்று போனில் கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். அக்கா இருப்பது வேறு நாட்டில். அவள் அடுப்பில் எப்போதும் ஏதாவது பொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

நாற்பத்தாறு வயதில் குற்றவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் இவள். கல்லூரியில் பாடம் நடத்துவாள். வாரத்தில் இரண்டு நாள் சிறைக்குப் போய், வீடு புகுந்து திருடியவர்களோடு பேசுவாள். துறையில் இவளுக்குக் 'கேள்வித்தாள்' என்று பட்டப்பெயர். ஊரையெல்லாம் கேள்வி கேட்பாள், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள் என்பதால் வந்த பெயர். சொல்வதற்கு என்ன இருந்தது என்பது வேறு விஷயம். அம்மா இருந்தவரை வீட்டில் இரண்டு பேர். அம்மா போய் மூன்று வருடமாக ஒருத்தி.

பாம்பின் கால் பாம்பறியும் என்பதுதான் அவளுடைய ஆய்வின் சாரம். அதையே இருநூறு பக்கத்துக்கு நீட்டினால் பட்டம் கொடுப்பார்கள். பதினாறு வீடுகளை வெளியிலிருந்து படம் எடுத்து, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் காட்டி மூன்று கேள்வி கேட்பாள். இது குடியிருக்கும் வீடா, காலி வீடா? நீங்கள் உள்ளே போவீர்களா? ஏன்? பழகிய திருடன் வாசலைப் பார்த்தே வீட்டைப் படித்துவிடுவான், அவன் கண் தப்பாது என்று நிரூபிக்க வேண்டும்.

படம் எடுக்க வீட்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்ட ஒருவர் கடைசி நேரத்தில், "என் வீட்டை எதுக்குத் திருடங்கிட்ட காட்டணும்?" என்று பின்வாங்கிவிட்டார். நியாயமான கேள்வி. அந்த நியாயம் அவளுக்கு மட்டும் உறைக்கவில்லை. மறுநாளே இன்னொரு படம் வேண்டும். கெஞ்சிக் கையெழுத்து வாங்க அவளுக்குத் தெரிந்த வீடென்று ஒன்றுமில்லை. தெருவுக்கு வந்து நின்று தன் வீட்டையே படம் எடுத்து, வீட்டுக்காரர் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டு, ஏழாவது படமாகச் சொருகினாள். யாரிடமும் சொல்லவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

முதல் ஆள் ஏழாவது படத்தைப் பார்த்துவிட்டு, "காலி" என்றான். இரண்டாமவனும் காலி என்றான். ஐந்தாமவன் அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஆள் போய் ரெண்டு மூணு வருஷம் இருக்கும் மேடம். வாசல்ல நாற்காலி கவுத்துக் கிடக்கு பாருங்க. மழைக்குக் கவுத்தவங்க நிமித்தவே இல்லை. திரைச்சீலை மடிப்புல வெயில் பட்டுக் கோடு விழுந்திருக்கு. ஒருநாள்கூட விலக்கலை."

அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். அது அம்மாவின் நாற்காலி. கவிழ்த்தது அவள்தான். வண்டியைப் பின்பக்கம் நிறுத்துவதால் சமையலறைக் கதவு வழியாகவே போய் வந்துகொண்டிருந்தாள். முன்னறையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

பத்துப் பேர் முடிந்தார்கள். மற்ற பதினைந்து வீடுகளையும் புட்டுப் புட்டு வைத்தவர்கள், ஏழாவது வீட்டை மட்டும் ஒரே வாயாகக் காலி என்றார்கள். வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சும்போது அவளுக்கு அழுகை வந்தது. திருடன் சொன்னதற்கெல்லாமா அழுவார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி நின்றாள்.

பதினோராவது ஆளுக்குச் சிறையில் 'பகல்காரர்' என்று பெயர். இருட்டினால் வேலைக்குப் போக மாட்டார். காலை பதினொரு மணி, அலுவலகக்காரன்போல் தேய்த்த சட்டை, கையில் ஒரு பை. அறுபதை நெருங்கும் மனிதர். அவரும் ஏழாவது படத்தைத் தள்ளி வைத்து, "காலி" என்றார்.

அன்றைக்கு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் பூச்செடி வைத்த தொட்டி ஒன்று வாங்கினாள். ஆண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள். கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டபோது விழித்தாள். "சுமாரா ஒரு ஆளுக்கு" என்றாள். எல்லாவற்றையும் வாசலில் வைத்து, நாற்காலியை நிமிர்த்தி, திரும்பப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் பகல்காரர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அதே வீடுதானே இது?"

"ஆள் இருக்காங்களா, சொல்லுங்க."

"இருக்காங்கன்னு யாரோ படாத பாடுபட்டுக் காட்டுறாங்க" என்றார். "செருப்புல ஒரு பொட்டு மண்ணு இல்லை. நாற்காலி நிமிந்திருக்கு, சரி. ஆனா சுவரைப் பாத்துல்ல இருக்கு? உக்காந்து பழகினவங்க தெருவைப் பாத்துத்தான் போடுவாங்க. போன வாரம் காலின்னு சொன்னேன், அது தப்பு. எழுதிக்கோங்க. ஒத்தை ஆள் இருக்குற வீடு."

பேனா நின்றுவிட்டது. பதினோரு பேரில் ஒருவராவது சொன்னாரே என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது போன வாரத்துப் பதிலாக இருந்திருக்க வேண்டும். ஜோடித்த படத்துக்கு வந்த பதில் கணக்கில் சேராது.

"உள்ளே போவீங்களா?" என்றாள்.

"மாட்டேன். ஒத்தை ஆள் வீட்டுக்குள்ள ஒருதடவை போய்த்தான் இங்க உக்காந்திருக்கேன்." அவர் சிரித்தார். "காலின்னு நினைச்சு நுழைஞ்சுட்டேன். பாத்தா, நடு வீட்ல ஒரு பெரியவர் நிக்கிறார். கத்துவார்னு நினைச்சேன். 'குழாய் பாக்க வந்தவரா? ரெண்டு நாளா ஒழுகுது, வாங்க'ன்னார். என்ன செய்ய? பாத்துக் குடுத்தேன். டீ போட்டார். ரெண்டு மணி நேரம் பேசினார் மேடம், மனுஷன் மூச்சு விடலை. எனக்கும் அப்படி யாரும் பேசி நாளாச்சு. அடுத்த வாரம் குழாய் எப்படி இருக்குன்னு கேக்கப் போனேன். அதுக்கடுத்த வாரமும் போனேன். அன்னைக்கு அவர் மருமகன் வந்திருந்தார். ஒரு பழைய கேஸ்ல சந்தேகத்துல பிடிச்சுட்டு விட்டப்ப காவல் நிலையத்துல என்னைப் பாத்தவர். உடனே போலீஸைக் கூப்பிட்டார், பழைய திருட்டெல்லாம் வெளியே வந்துடுச்சு. திருடப் போன இடத்துல நான் மாட்டவே இல்லை. பேசப் போன இடத்துல மாட்டினேன்."

அவள் எழுதவில்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

பகல்காரர் படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "பின்னாடி தெரியுதே தண்ணித் தொட்டி, உச்சியில நீலப் பட்டை. அந்தப் பக்கம் நான் நிறைய நடந்திருக்கேன்." கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். "அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு விடுதலை. அந்த வீட்டுக்காரம்மா பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்று எழுந்தாள்.

படத்திலுள்ள வீட்டைக் கைதி அடையாளம் கண்டுகொண்டால், விதிப்படி துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அவள் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் தன் வீட்டைத் தானே சொருகியது வெளியே வரும், அதனால்தான் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் பேராசிரியர் கூப்பிட்டார்.

"ஏழாவது வீடு இடிக்குதேம்மா" என்றார். "பதினோரு பேரும் காலிங்கிறாங்க. குடியிருக்கும் வீடுன்னு நீ போட்டிருக்கே. இத்தனை பேர் சேந்தாப்ல தப்பா சொல்ல மாட்டாங்க. நீதான் மாத்திக் குறிச்சிருப்பே. காலின்னு திருத்திடு. அந்த அத்தியாயம் கல்லு மாதிரி நிக்கும்."

"திருத்தலைன்னா?"

"பழகின கண்ணு தப்பாதுங்கிற வாதமே போச்சு. முதல்லேருந்து எழுதணும், இன்னும் ரெண்டு வருஷம். செவ்வாய்க்கிழமைக்குள்ள நல்லா விசாரிச்சு ஒரு வரி அனுப்பு."

ஒரே ஒரு சொல்தான். மாற்றினால் கேட்பார் இல்லை, சரிபார்ப்பார் இல்லை. அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வரப் போவதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தாள். திருடன் வெளியே வரும் நாளில் வீட்டில் ஆள் இருப்பதுதானே புத்திசாலித்தனம்? ஒன்பது மணிக்குக் குளித்து, நல்லதாக ஒரு புடவை கட்டினாள். பத்து மணிக்கு வெளிக்கதவின் கொண்டியைப் போட்டாள். பத்தரைக்குப் போய்க் கொண்டியை எடுத்துவிட்டு வந்தாள். துரு விழுந்த கொண்டி, அடிக்கடி எடுத்துப் போட்டால்தான் நல்லது என்று சொல்லிக்கொண்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு முன்னறையைப் பெருக்கி, அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பதினொன்று அடித்தது. தெருவில் யாரோ நடந்து போனார்கள். பதினொன்றேகாலுக்கு ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போனது. பன்னிரண்டு மணிக்குச் சமையலறைக்குப் போனவள் மேடையைப் பார்த்து நின்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு தம்ளர் கழுவித் துடைத்து வைத்திருந்தது. வைத்தது அவளேதான், காலையில். எப்போது வைத்தாள் என்று நினைவில்லை. குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். அது ஒழுகவில்லை. சனியன், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

பயந்துகொண்டல்ல, காத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தோம் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கம் பெரிதாக இருந்தது. ஒரு திருடன்கூட எட்டிப் பார்க்காத வீடு. வர மாட்டேன் என்று சொன்னார், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், நல்ல மனிதர்.

ஒன்றரை மணி வரை இருந்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். 'காலி' என்று அடித்தாள். நாலு வருடம் மிச்சம், இல்லை இரண்டு வருடம் மிச்சம், எதுவோ மிச்சம். அடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழித்துவிட்டு எழுதினாள்: 'விசாரித்தேன். ஏழாவது வீடு குடியிருக்கும் வீடுதான். திருத்த வேண்டியதில்லை. வீட்டுக்காரி நான்.' அனுப்பியும்விட்டாள்.

எழுந்து போய், வெயில் கோடு விழுந்த திரைச்சீலையைக் கொக்கியோடு கழற்றிக் கீழே போட்டாள். கண்ணாடி ஜன்னல் திறக்க வரவில்லை. மூன்று வருடத்து மழை ஊறிச் சட்டத்தில் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் குத்தினாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள், கடைசியில் படாரென்று திறந்து சுவரில் மோதியது. தூசி பறந்து இருமினாள்.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நாலு மாதத்துக்கு முன் குடிவந்தவள். அவள் முகத்தை இவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வீடு பாக்க வந்திருக்கீங்களா அக்கா?" என்று அந்தப் பெண் அங்கிருந்தே கேட்டாள். "வீட்டுக்காரங்க நம்பர் கிடைச்சா குடுங்க. என் தம்பியும் வாடகைக்குத் தேடிட்டிருக்கான். இந்த வீடு சும்மாத்தானே பூட்டிக் கிடக்கு, யாரைக் கேக்குறதுன்னே தெரியலை."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"காலி இல்லைம்மா" என்றாள். "நான் இருக்கேன்."

அந்தப் பெண்ணுக்குச் சரியாகக் கேட்கவில்லைபோல. துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரமாக வந்து, "என்னக்கா?" என்றாள்.

அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.