பத்தாவது ஆள்

ஹனோக்குக்கு அன்று காலை இருந்த பெரிய மனக்குறை, தன்னை யாரும் துரோகி என்று திட்டி மாதக்கணக்காகிவிட்டது என்பதுதான்.

'நடுப்பாலம்' என்ற சமாதான வலைப்பூவை ஜெருசலேமில் தன் சாப்பாட்டு மேஜையிலிருந்தே அவர் நடத்திவந்தார். அதன் பொற்காலத்தில் வசவுகள் மழையாகக் கொட்டின. "எதிரியின் வளர்ப்பு நாய்", "தன் இனத்தையே வெறுக்கும் யூதன்" என்று வந்த ஒவ்வொன்றையும் துடைத்துப் பளபளப்பாக்கி, கருத்தரங்குகளுக்குப் பதக்கம்போலக் குத்திக்கொண்டு போவார். இப்போது வெறியர்களுக்குக்கூட அவரைப் படிக்க நேரமில்லை. பின்னூட்டம் போடுகிறவர் ஹைஃபாவில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் மட்டும்தான். அவரும் "அருமை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

"பாலம்னு பேரு வச்சீங்க, அது எந்தக் கரையையும் தொடலியே" என்றாள் மனைவி திர்ட்சா, ரொட்டியும் வெள்ளரிக்காயும் பொட்டலம் கட்டியபடி. "இன்னைக்காவது அங்க போய் நாலு காய் பறிங்க. நீங்க போட்டோ எடுக்கறதுக்காக அபு ராயித் மரம் வளர்க்கல."

பாலஸ்தீன விவசாயி அபு ராயித்தின் ஆலிவ் தோப்பு மலைச்சரிவில் இருந்தது. மலை உச்சியில் தகர வீடுகளைக் கொண்டுவந்து இறக்கி யூதக் குடியேறிகள் சிலர் தங்கியிருந்தார்கள். அதனால் தன் சொந்தத் தோப்பில் காய் பறிக்க அபு ராயித்துக்கு ராணுவம் வருஷத்துக்கு இரண்டே நாள்தான் அனுமதி தரும். அந்த இரண்டு நாளில் கிடைக்கும் எண்ணெய்தான் அவர் வீட்டின் வருஷப் பிழைப்பு. நடுவில் ஏதாவது கைகலப்பு என்றால் பட்டாளத்து அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார். மேலே இருப்பவர்களுக்கும் இது தெரியும். ஆகவே அவர்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, இறங்கி வந்து இரைச்சல் போட்டாலே போதும்.

முதல் நாள் கீழ் வரிசை மரங்கள், மறுநாள் மேல் வரிசை என்பது ஏற்பாடு. மேல் வரிசையில்தான் கிளை ஒடிகிற அளவுக்குக் காய். அபு ராயித்தும் மனைவி மக்களும் படுதா விரித்து மளமளவென்று பறித்தார்கள். ஹனோக் ஒரு கிளையைப் பிடித்தபடி, வெளிச்சம் முகத்தில் விழும் கோணத்தில் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"உஸ்தாத், அந்தக் கிளைய விட்டீங்கன்னா நான் பறிச்சுக்குவேன்" என்றார் அபு ராயித். படித்த ஐயாமார்களை அவர் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்.

பிற்பகலில் மேலிருந்து ஒன்பது பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவன் உஸியேல். தேக்குமரம்போல உடம்பு, துக்கத்துக்காக மழிக்காமல் விட்ட தாடி. நேராகப் படுதாவின் மேல் ஏறி நின்றான்.

"வந்துட்டாரு நம்ம துரோகி" என்றான் ஹனோக்கைப் பார்த்து.

ஹனோக்குக்கு மெய் சிலிர்த்தது. கைபேசியை அவசரமாக எடுத்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க. பதிவாகல."

உஸியேல் சொல்லவில்லை. அவன் கண் மேற்கே இறங்கும் சூரியன் மேல் இருந்தது. கூட வந்தவர்களை எண்ணினான், திரும்பவும் எண்ணினான். பிறகு ஹனோக்கை ஓரமாகக் கூப்பிட்டான்.

"உங்க அம்மா யூதச்சிதானே?"

"இதுல என்ன சந்தேகம்?"

"அண்ணே, ஒரு உதவி." துரோகி அண்ணனாவதற்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை. "எங்கப்பா செத்து ஆறு மாசம் ஆகுது. தினம் அவருக்காகக் கதீஷ் ஜெபம் சொல்லணும். பத்து ஆம்பளைங்க இல்லாம அதச் சொல்லக் கூடாது. எங்க பத்தாவது ஆள ராணுவத்துல கூப்பிட்டுட்டாங்க. பொழுது சாயப்போவுது."

"துரோகிய எண்ணிக்கையில சேக்கலாமா?"

"துரோகின்னாலும் யூதன்தானே அண்ணே."

ஹனோக் மார்பை நிமிர்த்தினார். "நான் வரணும்னா ஒன்பது பேரும் மேல வரணும். ஒருத்தர் இங்க நிக்கக் கூடாது."

"நீங்க இல்லாட்டி நாங்க ஒன்பது பேரு. எங்கள்ல ஒருத்தன் இங்க நின்னாலும் அதே ஒன்பதுதான். எல்லாரும்தான் வந்தாகணும்."

அவர்கள் பேசிய எபிரேய மொழி முழுதும் அபு ராயித்துக்குப் புரிந்தது. "போங்க உஸ்தாத்" என்றார் சாவதானமாக. "நல்லா நிதானமா ஜெபம் பண்ணுங்க. இங்க ஒரு அவசரமும் இல்ல."

ஜெபக்கூடமும் ஒரு தகர வீடுதான். நின்றபடி மனதுக்குள் சொல்லும் ஜெபம் வந்தது. அதில் ஆழ்ந்திருப்பவரை யாரும் குறுக்கிடக் கூடாது. பத்தாவது ஆள் முடிக்கும்வரை மற்ற ஒன்பது பேரும் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். மகனுடைய பதிமூன்றாவது வயதுச் சடங்குக்குப் பிறகு ஜெபப் புத்தகத்தைத் தொடாத ஹனோக் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஜன்னல் வழியே கீழே படுதா ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்வது தெரிந்தது. பக்கத்தைப் புரட்டினார். பிறகு முந்தைய பக்கத்துக்கே திரும்பிப் போனார். முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒருவன் இருமினான், ஒருவன் கால் மாற்றி நின்றான். ஹனோக் கண்ணை மூடி முன்னும் பின்னும் ஆடினார். கீழ் வரிசையில் கடைசி மரம் மொட்டையாகும் வரை அவருடைய பக்தி அடங்கவில்லை.

அதன்பின் உஸியேல் தகப்பனுக்காகக் கதீஷ் சொன்னான். நடுவில் அவன் குரல் உடைந்தது. ஹனோக்கின் வாயிலிருந்து 'ஆமென்' வந்தது. அது நடிப்பில்லை. அதனாலேயோ என்னவோ, பிற்பாடு பதிவில் அது இடம்பெறவில்லை.

"இவ்வளவு ஊன்றி யாரும் ஜெபம் பண்ணி நான் பாத்ததில்ல அண்ணே" என்று காபி கொடுத்தான் உஸியேல். "நாளைக்கும் வந்துடுங்க, காலையிலயே. காலை ஜெபம் இன்னும் நீளம். நீங்க முடிக்கிற வரைக்கும் எவனும் கீழ இறங்க மாட்டான். நான் பொறுப்பு."

கீழே வந்து ஹனோக் இதைச் சொன்னதும் அபு ராயித் மூட்டையைக் கட்டுவதை நிறுத்திவிட்டு ஹனோக்கின் கையைப் பிடித்தார். "உஸ்தாத், ஒண்ணே ஒண்ணு. இத எழுதாதீங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் போதும். அப்புறம் புத்தகமாவே போடுங்க."

ஹனோக் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தார். வீடு வந்து சூப்பு ஆறுவதற்குள், குறிப்பு மட்டும் எடுத்துவைக்கலாமே என்று உட்கார்ந்தார். குறிப்புக்கு ஒரு தலைப்பு வேண்டுமே: 'ஒன்பது வெறியர்களை ஒரே ஜெபத்தால் கட்டிப்போட்டேன்.' ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்த சாமர்த்தியத்துக்கு மட்டும் மூன்று பத்தி ஆயிற்று.

"அவரு நாளைக்கு சாயங்காலம்னாரே" என்றாள் திர்ட்சா, அவர் தோளுக்கு மேலாகப் படித்து.

"வாக்கு ஒரு மனுஷனுக்குக் குடுத்தது, திர்ட்சா. உண்மை மனுஷகுலத்துக்கே சொந்தம். சமாதானம் காத்திருக்காது."

"காய் காத்திருக்குமா?"

அதற்குள் அவர் விரல் பொத்தானை அழுத்திவிட்டிருந்தது.

எழுதி வாங்கிய பேறு அது. பழைய வெறியர்கள் ஊர்விட்டுப் போய்த் திரும்பிய சொந்தக்காரர்களைப்போல வந்து துரோகி என்றார்கள். சமாதானத் தோழர்களோ, ஆக்கிரமிப்பாளர் கூடத்தில் ஜெபம் செய்து அவர்களுக்கு அங்கீகாரம் தந்த துரோகி என்றார்கள். இரண்டு கரையிலிருந்தும் ஒரே சொல். பாலம் கடைசியில் இரு கரையையும் தொட்டுவிட்டது. ஹனோக் குழந்தையைப்போலத் தூங்கினார்.

காலையில் மலை உச்சியில் வேன்கள் வரிசைகட்டி நின்றன. சுற்றுமலைகளிலிருந்தெல்லாம் தாடிகள் வந்து இறங்கியிருந்தன. உஸியேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹனோக்குக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"படிச்சேன்" என்றான். "நாங்கள்லாம் நின்னுக்கிட்டிருக்க, நீங்க ஒரே பக்கத்தையே பொரட்டிக்கிட்டு இருந்தீங்களாமே. அது ஜெபமே இல்ல, நேத்துச் சொன்ன கதீஷும் செல்லாதுன்னுட்டாரு எங்க மதகுரு. எங்கப்பாவுக்கு ஒரு நாள் கொறஞ்சுபோச்சு."

"உஸியேல், நான் வேணும்னா இப்ப வந்து..."

"வேணாம். இன்னைக்கு ஆள் இருக்கு."

ஜெபத்தை முடித்துவிட்டு அவர்கள் மொத்தமாக இறங்கினார்கள். இரைச்சல் வந்தது, அதன் பின்னாலேயே அதிகாரி காகிதத்தோடு வந்தார். மேல் வரிசை மரங்கள் கருகருவென்று காய்த்துக் கிடந்தன. ஒரு கிளையையும் யாரும் தொடவில்லை.

அபு ராயித் விரித்த படுதாவை மடிக்க ஆரம்பித்தார். ஹனோக் பக்கத்தில் போய் நின்றார். "அபு ராயித், நான் நெனச்சது என்னன்னா..."

"நேத்து நீங்க ஒரு காய்கூடப் பறிக்கல உஸ்தாத். ஆனா நீங்க இல்லாட்டி அந்த வரிசைய நாங்க முடிச்சிருக்க மாட்டோம்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. "அந்த முனையப் பிடிங்க."

படுதாவுக்கு இரண்டு கையும் வேண்டும். ஹனோக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முனையைப் பிடித்தார். மடிக்க மடிக்க அது பைக்குள் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசி மடிப்பு முடிந்து படுதாவைத் தோளில் போட்டுக்கொண்ட அபு ராயித், அந்தச் சட்டைப்பையைப் பார்த்தார்.

"எடுங்க உஸ்தாத். உங்களத் திட்ட யாரோ காத்துக்கிட்டிருக்காங்க."

ஹனோக் எடுத்துப் பார்த்தார்.