மைனஸ் மூன்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அட்டவணையில் பிறந்தது. அட்டவணை நான் போட்டது.

செம்மண்டலத்தில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். கீபோர்டு வாசிக்கும் தேவசகாயம் ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. டேப்லெட்டில் மிடி ஃபைல்* ஓட்ட எந்த ஆப் நல்லது என்று கேட்டான். மூன்று நாள் உட்கார்ந்து, ஆறு ஆப்களை இறக்கிப் பார்த்து, அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அதில் ஏழாவதாக ஒரு பத்தி இருந்தது. அதை நான்தான் அழித்தேன். அழிக்காமல் விட்டிருந்தால் லோகநாயகி அக்கா இன்றைக்கும் பாடிக்கொண்டிருப்பார்.

(இப்படித் தொடங்கினால் பழி முழுக்க என் தலையில் விழுகிறது. அது நியாயமில்லை. வேறு தொடக்கம் பார்க்கிறேன்.)

* மிடி ஃபைல் என்பது பாட்டின் ஒலி அல்ல. எந்த வாத்தியம், எந்தக் கட்டையை, எப்போது தட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும். அதனால் வேகம் மாறாமலேயே சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

2

சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பக்கத்து மண்டபத்தில், சாயங்காலம் ஏழரை மணிக்கு, மேடை விளக்குகள் எல்லாம்—

வேண்டாம். விளக்கைப் போட்டுக் கதை ஆரம்பிப்பது எனக்கே சலித்துவிட்டது.

தேவசகாயம் கெட்டவன் இல்லை—

ஐயோ, இது அதைவிட மோசம். இப்படிச் சொன்ன மறு வரியிலேயே நீங்கள் அவனைச் சந்தேகப்படுவீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

லோகநாயகி அக்காவுக்குப் புவனகிரி. பகலில் அங்கன்வாடியில் வேலை, முகூர்த்த நாட்களில் மேடை. இருபது வருஷமாகத் தேவசகாயத்தோடு பாடுகிறார். மேடையில் அவர்கள் இரண்டே பேர்தான்: அக்கா, அவன். மற்ற வாத்தியமெல்லாம் ஃபைலில். ஒவ்வொரு கச்சேரியிலும் முதல் பாட்டுக்கு முன்னால் தேவசகாயம் மைக்கைப் பிடித்து ஒரு வசனம் சொல்வான்: “அம்பது வயசத் தாண்டியும் ஒரிஜினல் சுருதி எறங்காம பாடுற எங்க அக்கா!” கூட்டம் கைதட்டும். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்.

அது பொய். ஒன்பது வருஷமாகப் பொய்.

3

அந்தப் பொய் எப்படிப் பிறந்தது என்பதை எழுதாமல் தாண்டிவிடத்தான் பார்த்தேன். தாண்ட முடியவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு டைபாய்டு. எழுந்து வந்த மாதமே ஒரு வரவேற்பில் பாட வேண்டியிருந்தது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. பாவமாக இருந்தது தேவசகாயத்துக்கு. கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டி ஒரு படி சுருதியை இறக்கிவிட்டான். அந்தப் பொத்தானைத் தட்டினால் ஃபைலும் இறங்கும், அவன் தட்டுகிற கட்டையும் இறங்கும். விரல் எப்போதும் போடும் இடத்திலேயே போடலாம். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அக்கா நன்றாகப் பாடினார். இறங்கி வந்ததும் சொன்னார்:

“பாத்தியா சகாயம்? காய்ச்சல் வந்து எந்திரிச்சும் சுருதி எறங்கல பாரு!”

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். அவனுடைய வாய் திறந்தது. “ஆமாங்கா, உங்களுக்கா எறங்கும்!” என்றுதான் வெளியே வந்தது.

அப்புறம் ஒரு படி இரண்டானது. போன வருஷம் மூன்று. கீபோர்டு அதைத் தன் நினைவில் வைத்துக்கொண்டது; ஆன் செய்தாலே மைனஸ் மூன்றில்தான் எழும். அவன் பொத்தானைத் தொடுவதைக்கூட விட்டுவிட்டான். வசனத்தை மட்டும் விடவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது.

4

இந்தப் பகுதியில் நான் வருகிறேன். கதாசிரியன் கதைக்குள் வருவது லட்சணமாக இருக்காது, தெரியும். ஆனால் என்னை வெளியே நிறுத்தினால் கதை பொய்யாகிவிடும்.

அவனுடைய பழைய கீபோர்டில் பென்டிரைவ் செருகும் இடம் ஆடிப்போய்விட்டது. டேப்லெட் வாங்கினான். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்த்தோம்.

“எனக்கு ஜாஸ்தி ஒண்ணும் வாணாம் மச்சான். தொட்டா ஓடணும், தொட்டா நிக்கணும். அக்கா மூச்சு வாங்குனா அது காத்துக்கிட்டு நிக்கணும்.”

“அப்ப இந்த கட்டம் போட்ட ஆப்புதான். ஒரு கட்டத்தத் தொட்டா முன்னிசை ஓடும். அடுத்த கட்டத்தத் தொடற வரைக்கும் அதையே சுத்திச் சுத்தி வாசிக்கும்.”

“அட! ராஜா மாதிரி இருக்குதே.”

“ஒரே ஒரு கொற. மூடித் தெறந்தா சுருதி பூஜ்யத்துக்கு வந்துரும். அந்த நாலாவது ஆப்பு, பாட்டுக்குப் பாட்டு சுருதிய ஞாபகம் வச்சிக்கும். ஆனா பொத்தானெல்லாம் எறும்பு சைசு. உனக்கு சுருதி ஞாபகம் வேணுமா?”

இந்தக் கேள்வியை நான் கேட்டேன். சாட்சிக்கு என் மனைவி பவானி இருக்கிறாள். அடுப்படியிலிருந்து அவளுக்குக் காதில் விழுந்தது. அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான்.

“அது எதுக்குடா? அக்காதான் ஒரிஜினல் சுருதியிலயே பாடுதே.”

மேடையில் சொல்கிற அதே வசனம். நானும் அதை நம்பினவன்தானே! சுருதி ஞாபகத்துக்கென்று போட்டிருந்த ஏழாவது பத்தியை அழித்தேன். தாளிலும் இடம் போதவில்லை.

பிறகு அவன் தன் வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்துவிட்டு போன் செய்தான். “மச்சான், டேப்லெட்ல சவுண்டு என்னாமா பளிச்சுன்னு இருக்குது!” என்றான். நான் பெருமைப்பட்டேன். அந்தப் பளிச்சு என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் இறங்கிய மூன்று படியும் ஒரே ராத்திரியில் ஏறி நின்றிருந்தது.†

† டேப்லெட்டைக் கோர்ப்பதற்காக அவன் கீபோர்டின் நினைவை முழுசாக அழித்திருக்கிறான். அப்படி அழிக்கச் சொன்னதும் நான்தான். அடிக்குறிப்பில் சொன்னால் குற்றம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்று இங்கே வைத்தேன்.

5

இப்போது சிதம்பரம் மண்டபம், ஒரு கல்யாண வரவேற்பு. விளக்கு எல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒத்திகை கிடையாது. இருபது வருஷப் பழக்கத்துக்கு ஒத்திகை எதற்கு? தேவசகாயம் வசனம் சொன்னான், கூட்டம் தட்டியது, அவன் கட்டத்தைத் தொட்டான். விரல் வழக்கமான கட்டைகளில் விழுந்தது. ஃபைலும் கீபோர்டும் அச்சாகப் பொருந்தின. தப்பாக ஒலிக்க அங்கே எதுவுமே இல்லை. அக்கா மட்டும்தான் தனியாக மாட்டிக்கொண்டார்.

பல்லவியைச் சமாளித்தார். சரணத்தில் மேலே போகிற இடம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. குரல் ஏறி, பாதியில் பிளந்து, காற்றாகப் போனது. முன்வரிசையில் ஒரு சின்னப்பெண் சிரித்தாள். சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

தேவசகாயத்துக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. திரையில் கட்டத்துக்கு மேலே பெரிய எழுத்தில் பூஜ்யம். மூன்று தட்டுத் தட்டினால் இறங்கிவிடும். ஆனால் பாட்டின் நடுவே இறக்கினால் மண்டபத்துக்கே தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவன் கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் பாட்டை நிறுத்தினான். மைக்கை எடுத்தான்.

“மன்னிக்கணும். அக்காவுக்கு இன்னிக்கித் தொண்ட சரியில்ல.”

(இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதாமல் இருந்தேன்.)

மணப்பெண்ணின் தோழி சுவேதா என்று ஒருத்தி மேடை ஏறி, “நான் பாடட்டுமா அங்கிள்?” என்றாள். அதே பாட்டு, அதே பூஜ்யம். கணீரென்று பாடினாள். கைதட்டல். அக்கா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். முடிந்ததும் அவரும் தட்டினார்.

போகும்போது, “சாதாரணமாத்தான்டா இருந்திச்சு தொண்ட. ஒரே நாள்ல போயிருச்சே சகாயம்,” என்றார். அன்றோடு பாடுவதை நிறுத்திவிட்டார்.

6

முடிவுகள். இரண்டு எழுதினேன்.

முதல் முடிவு: தேவசகாயம் புவனகிரிக்குப் போய் உண்மையைச் சொல்கிறான். அக்கா அழுகிறார், மன்னிக்கிறார், இறக்கின சுருதியில் பெருமையாகப் பாடுகிறார். எழுதி முடித்ததும் கிழித்தேன். ஒன்பது வருஷக் கைதட்டலைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு வருகிறவனுக்கு யார் உடனே டீ போட்டுக் கொடுப்பார்கள்?

இரண்டாம் முடிவு: அக்கா தன் பாட்டு நோட்டுகளைச் சுவேதாவுக்குக் கொடுக்க எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓரத்தில் பென்சிலில், ‘தம்பி இறக்குறான். எனக்குத் தெரியும். இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறது. இதை எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அக்காவுக்கு முன்பே தெரியும் என்றால் அவனுக்கும் பாவமில்லை, எனக்கும் பாவமில்லை. எவ்வளவு சௌகரியம்! அதையும் கிழித்தேன். நோட்டுகளைச் சுவேதாவுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப்போகிறார் என்பது மட்டும் நிஜம்.

மூன்றாம் முடிவுக்கு முன்னால், தேவசகாயம் என் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் செவ்வாய்க்கிழமை, டேப்லெட்டும் கையுமாக வந்தான்.

“மச்சான், இந்த ஆப்புல மைனஸ் மூணுல பூட்டி வைக்க வழி இருக்குதா?”

“எதுக்கு?” என்றேன். அப்போதுதான் ஒன்பது வருஷத்தையும் கொட்டினான். மேலே நீங்கள் படித்ததெல்லாம் அன்றைக்கு என் மேஜையில் அவன் சொன்னது. பவானி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

“இப்பயும் சொல்லாமதான் எறக்கப் போறியாண்ணே?” என்றாள்.

அவன் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினான். பூட்டி வைக்க வழியில்லை என்று நான் சொன்னேன். அது உண்மை.

7

நேற்று அவன் புவனகிரிக்குப் போனான். பாலத்தைத் தாண்டும்போது பேருந்திலிருந்து ஒருமுறை போன் செய்தான். நான் எடுத்ததும் வைத்துவிட்டான். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டுச் சொன்னான்.

அக்கா நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாராம். இவன் டேப்லெட்டை மேஜைமேல் வைத்து, மூன்று தட்டுத் தட்டி இறக்கி, கட்டத்தைத் தொட்டிருக்கிறான். முன்னிசை ஓடியிருக்கிறது. முடிந்து, மறுபடி முதலிலிருந்து. மறுபடியும்.

“என்னாடா இது, சுத்திக்கிட்டே கெடக்குது?”

“நீங்க ஆரம்பிக்கற வரைக்கும் சுத்தும்கா. எவ்ளோ நேரமானாலும் காத்துக்கிட்டு இருக்கும்.”

“எனக்குத்தான் போயிருச்சேடா.”

“ஒரே ஒரு தடவ பாடிப் பாருங்கக்கா.”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டு எங்கே ஓடுகிறது என்று பார்க்கத் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்திருக்கிறார். ஒரு விரலை நீட்டிக் கேட்டிருக்கிறார்:

“அது என்னா சகாயம், மைனஸ் மூணு?”

இதுவரை சொன்னவன் போனில் நின்றுவிட்டான்.

“அப்புறம்?” என்றேன்.

“நீ எழுது மச்சான்.”

“நீ என்னடா சொன்ன?”

“சொல்லிட்டேன்னு எழுதிடேன். அக்கா கதையெல்லாம் படிக்கும்.”

எழுதியிருப்பேன். ஒரே வரிதான், அதைவிடக் கஷ்டமான வரிகளை எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் எழுதிவிட்டால் அவன் அதைத் தான் சொன்னதாகவே நினைத்துக்கொள்வான். மேடை வசனத்தைப் போல நாளடைவில் அவனுக்கு நிஜமாகிவிடும். ஏழாவது பத்தியைப் போல இன்னொன்றையும் அவனுக்காக அழித்துக் கொடுக்க என்னால் முடியாது.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இல்லை. அவன் முகத்தைப் பார்த்தீர்கள், என் முகத்தையும் பார்த்தீர்கள். என்ன சொல்லியிருப்பான் என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அக்காவின் விரல் திரைமேல் இருக்கிறது. முன்னிசை முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது.